பெரட்டுக்கு முன்னால்

என் மனைவி தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வாந்தி எடுப்பாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பீர்மேட்டில் பார்த்தாயிற்று, குமுளியில் பார்த்தாயிற்று. மாத்திரை தந்தார்கள், தின்றாள், மறுநாளும் எடுத்தாள். பயம்தான், வேறொன்றுமில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் குனிந்து, சத்தம் வெளியே வராமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு எடுப்பாள். நான் சொம்பில் தண்ணீரோடு நிற்பேன். கொப்பளித்து, முகம் கழுவி, தலையை வாரிக் கொண்டை போட்டு, பொட்டு வைத்து, கண்ணாடியில் ஒரு பார்வை. அப்புறம் பெரட்டுக் களத்துக்கு நடப்பாள். அந்த நடையைப் பார்த்தால் இந்த மலை முழுக்க அவள் அப்பன் வீட்டுச் சொத்து என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடுவது. எஸ்டேட் ஒழுங்காக நடந்த காலத்தில் சூப்பர்வைசர் வந்து பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு இந்தக் காடு, நாளைக்கு அந்தக் காடு என்று ஆளைப் பிரித்துவிடுவார். காடு என்று நாங்கள் சொல்வது தேயிலை நட்ட சரிவைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு.

இப்போது கம்பெனி இல்லை. ஒருநாள் மேனேஜரின் கார் மலை இறங்கியது, திரும்பி ஏறவில்லை. ஃபேக்டரிக்குப் பூட்டு, சம்பளம் நின்றது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பங்கள் எங்களுடையவை. இந்த லயத்தைத் தவிர வேறு வீடு கிடையாது, தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாது. பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்துக் கடைசியில் கொழுந்தை நாங்களே கிள்ளி ஏஜென்டுக்கு விற்றுப் பிழைத்துக்கொள்வது என்று ஆயிற்று. ஆண்களில் பாதிப் பேர் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். மலையில் மிச்சம் பெண்கள்தான்.

ஆரம்பத்தில் அவரவர் இஷ்டம். லயத்தை ஒட்டிய காட்டை எல்லோரும் மொய்த்து மொட்டையடித்தார்கள். தூரத்துக் காட்டுக்கு ஒருத்தியும் போகவில்லை. இது என் நிரை, அது உன் நிரை என்று செடி வரிசைக்குச் சண்டை வேறு. ஒருநாள் காலை களத்திலேயே இரண்டு பேர் மயிரைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். என் மனைவி அதுவரை கூட்டத்தோடு கூட்டமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள். நேரே போய், சூப்பர்வைசர் நிற்கிற கல்மேல் ஏறி நின்று, பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். பழக்கதோஷம் பாருங்கள், உருண்டுகொண்டிருந்த இருவரும் எழுந்து சேலையைச் சரிசெய்து, அவரவர் பெயர் வந்தபோது "இருக்கேன்" என்றார்கள். அன்றிலிருந்து அவள்தான் பெரட்டு எடுக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன்.

"ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?"

"வேற எவ செய்வா, சொல்லுங்க."

"எவளும் செய்யாட்டிப் போவுது. நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா ஒன் தலையத்தான் உருட்டுவாளுக."

"உருட்டட்டும்" என்றாள். மறுநாள் காலையில்தான் முதல்முறையாக வாந்தி எடுத்தாள்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். எஸ்டேட்டிலிருந்து குமுளிக்கு ஆள் ஏற்றி இறக்குவது பிழைப்பு. கையில் காசிருந்தால்தானே ஆள் ஏறும், ஆகவே பாதி நேரம் ஸ்டாண்டில் சும்மா நிற்பேன். அங்கே காதில் விழுவதெல்லாம் கெட்ட செய்தி. ஏலக்காய் விலை இறங்கிவிட்டது, டூரிஸ்ட் வரத்து இல்லை, அந்த எஸ்டேட் மூடப்போகிறது, இந்த எஸ்டேட்டை வங்கி எடுக்கப்போகிறது. அத்தனையையும் அள்ளி மலைமேல் கொண்டுவருவது நான்தான். ஜீப்பை அணைக்கும்போதே வாசலில் ஆரம்பித்துவிடுவேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பாள்: "நாளைக்கு மழ வருமா, அதச் சொல்லுங்க." மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

ஒருதரம் கட்சித் தலைவர் ஒருவர் காரில் வந்தார். பெரட்டு நேரத்தில் அதே கல்மேல் ஏறிப் பேசினார். உங்கள் நிலைமையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, தேயிலையின் காலம் முடிந்துவிட்டது, உலகம் முழுக்க இதே கதிதான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பெண்களும் அழுதார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது, ஏனென்றால் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் மறுநாள் பெரட்டுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு குடும்பம் மூட்டை கட்டியது.

"அழறதுக்கு நமக்குத் தெரியாதா? இவரு கார் வெச்சு வந்து சொல்லித் தரணுமாக்கும்" என்று வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள் என் மனைவி. போனவர்கள் போக மிச்சமுள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, நாளைக்குப் பத்தாம் நம்பர், சீக்கிரம் வந்துரு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அவள் கவாத்து என்ற பேச்சை எடுத்தாள்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைச் செடியை விட்டால் மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். அதுதான் கவாத்து. வெட்டினால் வெறும் குச்சி நிற்கும். துளிர்த்துக் கொழுந்து எடுக்கும் பதம் வர மாதக்கணக்காகும், அதுவரை அந்தக் காட்டிலிருந்து ஒரு பிடி வராது. வெட்டாவிட்டால் கொழுந்து வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் காடே கையைவிட்டுப் போகும். கம்பெனிக்காரன் பெட்டியில் பணம் இருந்தது, வெட்டினான். அன்றாடம் கிள்ளினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமையில் இருப்பவர்களிடம், இருப்பதிலேயே பெரிய காடான எட்டாம் நம்பரை வெட்டுவோம் என்று இவள் சொல்கிறாள்.

களத்தில் கூச்சல். பிள்ளைக்கு எதைப் போட, குச்சியையா என்று ஒருத்தி கேட்டாள். என் மனைவி குரலை உயர்த்தவில்லை.

"இந்த வருசம் வெட்டலன்னா அடுத்த வருசம் வெட்டுறதுக்கு அங்க செடி இருக்காது. கோட மழை ரெண்டு விழுந்ததும் வெட்டுவோம். இடவப்பாதிப் பெருமழைக்கு முன்னாடி துளுத்துரும். அதுவரைக்கும் பத்தாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் நம்மளக் காப்பாத்தும். நான் சொல்லுதேன்."

நான் சொல்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக ஒத்துக்கொண்டார்கள். களத்து ஓரத்தில் ஜீப்பில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டு இவள் வாக்குக் கொடுக்கிறாள்? துளிர்க்காவிட்டால் மிச்சமிருக்கிற குடும்பமும் மலை இறங்கிவிடும். ஆளில்லாத லயத்தை யார் வேண்டுமானாலும் வந்து இடிக்கலாம். அப்புறம் நாங்கள் எங்கே போவது?

கவாத்துக்கு ஒரு முறை உண்டு. வெட்டுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே அந்தக் காட்டில் கொழுந்தைத் தொடக்கூடாது. இலையை விட்டால்தான் வேரில் சத்து ஏறும், அந்தச் சத்தில்தான் வெட்டின செடி மறுபடி துளிர்க்கும். இது இங்கே பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கம்பெனி காலத்தில் காவலுக்கு ஆள் நிறுத்துவார்கள். இப்போது காவல் யார்? எட்டாம் நம்பரை யாரும் தொடாதீர்கள் என்று அவள் களத்தில் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் ஜீப்பில் வரும்போது, பக்கத்து வீட்டுக்காரி எட்டாம் நம்பரிலிருந்து தலைச்சுமையோடு குறுக்குவழியில் இறங்குவதைப் பார்த்தேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான், இரண்டு பிள்ளைகள். மறுநாள் வேறொருத்தியைப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர், தனித்தனியாக. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் எடுக்கிறோம், ஒரு மடி எடுத்தால் செடிக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டினேன்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சா சும்மா இருக்க?"

"பிள்ளைக்குச் சோறு போட எடுத்தவளக் கல்லுமேல நின்னு பேர் சொல்லிக் கேக்கச் சொல்லுதீகளா? கேட்டா நாளைக்கு அவ பெரட்டுக்கு வரமாட்டா. வராதவள வெச்சு நான் எந்தக் காட்ட வெட்ட?"

"அப்போ துளுக்காதே ஏட்டி."

மறுநாள் காலை வாந்தியில் பித்தம் மட்டும்தான் வந்தது.

கோடை மழை இரண்டு விழுந்தது, வெட்டினார்கள். கவாத்து எப்போதும் ஆண்கள் வேலை. வளைந்த கத்தியை ஓங்கி ஒரே வெட்டில் சாய்க்க வேண்டும், சிம்பு சிம்பாகப் பிளந்தால் செடி அழுகும். பெண்கள் முதல் நாள் கையைக் கிழித்துக்கொண்டார்கள், போகப் போகப் பழகினார்கள். வெட்டின கிளையையே குச்சிமேல் பரப்பி வெயில் படாமல் மூடினார்கள். அடுப்புக்கு விறகில்லாத வீடுகள்தான் எல்லாம், ஆனால் அதிலிருந்து ஒரு சுள்ளியை ஒருத்தியும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கே லேசாக நம்பிக்கை வந்தது. அத்தோடு மழை நின்றுபோனது.

அப்புறம் வாரக்கணக்கில் ஒரே கதைதான். மலையில் மேகம் ஏறும், கறுக்கும், கலைந்துவிடும். ஜீப்பில் போகவர எட்டாம் நம்பரைக் கடக்கும்போது அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டேன். பத்தாம் நம்பரில் கொழுந்து குறைந்தது. ஏஜென்ட் இன்று வண்டி வராது, நாளை வரும் என்று போக்குக் காட்ட ஆரம்பித்தார். இன்னொரு குடும்பம் கம்பத்துக்கு இறங்கியது, அவர்களை ஏற்றிப் போனதும் என் ஜீப்புதான். அவள் மட்டும் தினமும் காலையில் குடலைப் பிடுங்கி வெளியே போடுகிற மாதிரி வாந்தி எடுப்பாள், போய்க் கல்மேல் நிற்பாள். "இன்னைக்கு ரெண்டாம் நம்பர். முடிச்சுட்டு எட்டாம் நம்பர்ல மூடுன கிளை காத்துல விலகியிருக்கான்னு பாத்துட்டு வருவோம்" என்பாள். குரலில் ஒரு பிசிறு இருக்காது.

எனக்குத்தான் தாங்கவில்லை. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"எல்லாம் நடிப்பு. ஒனக்கே நம்பிக்க இல்ல. ஊர ஏமாத்துத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு நம்பிக்க இருக்கான்னு எவளும் கேக்கல. காலையில எங்க போணும்னுதான் கேக்காளுக. அதுக்கு ஒருத்தி பதில் சொல்லணும்லா" என்றாள்.

சித்திரையில் ஒரு காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. எழுந்து உட்கார்ந்தாள், தலை சுற்றிச் சாய்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போய்ச் சொல்லிருங்க" என்றாள். என்ன சொல்ல என்று கேட்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

போனேன். கல்மேல் ஏறவில்லை, பக்கத்தில் நின்றேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது.

"அவ வரமாட்டா. காய்ச்ச."

"இன்னைக்கு எந்தக் காடுண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கென்ன தெரியும்?"

யாரும் நகரவில்லை. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சும்மா நின்றார்கள். இத்தனை நாள் அடக்கிவைத்தது எனக்கு உள்ளிருந்து பொங்கி வந்தது.

"எந்தக் காடும் இல்ல. எட்டாம் நம்பர் இனித் துளுக்காது. அவளுக்கும் அது தெரியும். தைரியமாப் பேசுதாளேன்னு நம்பிக்கிட்டு நிக்கீகளே, அவளுக்கு ஒங்கள விடப் பயம். தெனமும் காலையில இங்க வாறதுக்கு முன்னாடி அவ..."

சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நிறுத்தினேன். புருஷன் சொல்லக்கூடிய காரியமா அது?

"வாந்தி எடுக்கா. தெரியும்ணே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நான் அவளைப் பார்த்தேன்.

"செவுரு ஒண்ணுதானண்ணே. மொதல்ல மசக்கையோன்னு நெனச்சோம்." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அப்புறந்தான் புரிஞ்சுது. எங்களுக்குக் கேக்குன்னு தெரிஞ்சா அவ கூச்சப்படுவான்னு, அந்த நேரத்துக்கு நான் டிவியச் சத்தமா வெச்சிருவேன். லயம் முழுக்கத் தெரியும்."

"தெரிஞ்சுமா அவ பேச்சக் கேட்டு வெட்டுனீக?"

"தெரிஞ்சதுனாலதான் வெட்டுனோம். பயமே இல்லாதவ வந்து வெட்டுன்னு சொல்லியிருந்தா நான் கத்தியத் தொட்டிருக்க மாட்டேன். இவளுக்கென்ன, கஷ்டம் தெரியாமப் பேசுதான்னு போயிருப்பேன். இவ எங்கள மாதிரியே பயந்துட்டு, அதுக்கப்புறமும் மொகங் கழுவிட்டு வந்து கல்லுமேல நிக்கால்லா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாங்க எட்டாம் நம்பர்ல களவாக் கிள்ளுனது அவளுக்குத் தெரியாதுன்னா நெனைக்கீக? இன்னைவரைக்கும் ஒரு வார்த்த கேட்டாளா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த மலையிலேயே அவள் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை நினைத்துப் பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"பேரக் கூப்பிடுங்கண்ணே, நேரமாகுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு வரிசை தெரியாது. வாய்க்கு வந்த பெயரைக் கூப்பிட்டேன், சிலரை இரண்டுதரம் கூப்பிட்டேன், எல்லோரும் இருக்கேன் என்றார்கள். எட்டாம் நம்பரைப் பார்த்துவிடுவோம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நானும் கூடவே ஏறினேன்.

மூடிய கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். குச்சியில் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்தாள் ஒருத்தி. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் இல்லை. கீழே ஓடையை ஒட்டின சரிவில் பச்சை இருந்தது. கணுக்களில் சிவப்பாக, உளுந்து அளவில் முளை தள்ளியிருந்தது. ஆனால் மேலே ஏற ஏறப் பழுப்பு. எதைச் சுரண்டினாலும் பழுப்பு. மேல்பாதிதான் அவர்கள் களவாக அதிகம் கிள்ளின இடம், குறுக்குவழி அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. உச்சிவெயில் வரைக்கும் ஒரு செடி விடாமல் சுரண்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எழுந்து கிளைகளை மறுபடி மூடினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியின் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் கேட்டாள்.

"யாரெல்லாம் வரல?"

"எல்லாரும் வந்தாக. கீழ்ப்பாதி துளுத்திருக்கு. மேப்பாதி போச்சு."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எவ்வளவோ நாளாகத் தெரிந்த செய்தியைக் கேட்கிற மாதிரிதான் இருந்தது அவள் முகம். நான் விடவில்லை, மிச்சத்தையும் சொன்னேன். சுவர், டிவிச் சத்தம், களவுக் கொழுந்து, எல்லாம். கேட்கக் கேட்க அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"எல்லாத்துக்குமா தெரியும்?"

"லயம் முழுக்க."

"மானமே போச்சு" என்றாள் போர்வைக்குள்ளிருந்து. அப்புறம் அழுதாள். வாயைப் பொத்தாமல், விக்கி விக்கி, வாய்விட்டு அழுதாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியும் முன்பே அவள் எழுந்து பின்பக்கம் போகும் சத்தம் கேட்டது. நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டுகொண்டு போனேன். தொட்டி ஓரத்தில் அவள் குனிந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, மறுகையால் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எடு, எல்லாத்தையும் எடுத்துரு. மேப்பாதி போச்சு, இனி எந்தக் காடுன்னு இன்னைக்கு நீதான் கல்லுமேல நின்னு சொல்லணும்" என்றாள். பிறகு என் கையிலிருந்த சொம்பை வாங்கி அவளிடம் நீட்டினாள். "மொகத்தக் கழுவு. வா, சேந்தே போவோம்."